கையின் மூட்டுகளைக் கண்டு வரைந்த கலைஞர்
லியோனார்டோ டா வின்சி

மோனாலிசா என்னும் ஓவியத்தை அறியாதார் மிகச் சிலரே. அதனைத் தீட்டியவர் லியோனார்டோ டா வின்சி என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியாகும். அவ்வோவியத்திலே ஒன்றன்மேல் ஒன்றாய் அமைதியுடன் படிந்திருக்கும் இரு கைகளையும் வரைந்த அதே மனிதர், கையின் தோலுக்குள்ளே மறைந்திருக்கும் எலும்புகளையும் மூட்டுகளையும் தசைநாண்களையும் தம் கண்ணாற் கண்டு, அவருக்கு முன் எவரும் வரையாத அளவு செம்மையாக வரைந்தார் என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றை மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

இளமையும் கல்வியும்

லியோனார்டோ 1452ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அணித்தாயுள்ள வின்சி என்னும் சிற்றூரை அடுத்துப் பிறந்தார். தந்தையார் நொத்தாரிசு, தாயார் கத்தரீனா எளிய குடியிற் பிறந்தவர். பெற்றோர் ஒருவரையொருவர் மணந்துகொள்ளாமையால், தந்தையின் தொழிலைத் தொடரும் உரிமை மைந்தனுக்குக் கிட்டவில்லை. அக்காலத்து ஐரோப்பாவிலே கற்றோர் மொழி இலத்தீன். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் அம்மொழியிலேயே இருந்தன. இளமையில் அதனைக் கற்கும் வாய்ப்பைப் பெறாத லியோனார்டோ, நாற்பது வயதை அண்மிய காலத்திலே சொற்பட்டியல்களைத் தாமே எழுதி வைத்து அதனைப் பயின்றார். எனினும் தம் குறிப்புகளையெல்லாம் தாய்மொழியாகிய இத்தாலிய மொழியிலேயே எழுதினார். இடக்கைப் பழக்கமுடைய அவர், கண்ணாடியில் தெரியும் எழுத்தைப்போல வலமிருந்து இடமாக எழுதிச் சென்றார்.

புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்னும் கலைஞரிடம் ஓவியமும் சிற்பமும் பயின்ற லியோனார்டோ, பின்னர் மிலான் நகரிற் பணியாற்றினார். அசையும் உடலைச் சரிவர வரைய வேண்டுமாயின், அதனை அசைப்பது எது என அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1489ஆம் ஆண்டில் மண்டையோட்டை ஆராய்ந்து வரைந்தார். 1507ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், புளோரன்ஸ் மருத்துவமனை ஒன்றிலே அமைதியாக உயிர்நீத்த முதியவர் ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்து, அவருடைய குருதிக் குழாய்கள் தடித்து ஒடுங்கியிருந்ததைக் குறித்து வைத்தார்.

கையினுள்ளே கண்டவை

1510ஆம் ஆண்டின் குளிர்காலம் அவருடைய ஆராய்ச்சியின் பொற்காலமாகும். பாவியா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மார்க்கன்தோனியோ தெல்லா தொரே என்னும் இளம் பேராசிரியரோடு அவர் இணைந்து பணியாற்றினார். உடலைக் கெடாமற் காக்கும் மருந்துகள் இல்லாத காலமாதலால், இத்தகைய ஆய்வுகள் குளிர்காலத்திலேயே நடைபெற்றன. அக்காலத்து லியோனார்டோவின் தாள்கள் பதினெட்டிலே இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் நெருங்கி நிற்கின்றன.

மாணவர்களே, உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். தோளிலே பந்து ஒன்று ஆழமற்ற கிண்ணத்தில் உருள்வதுபோன்ற மூட்டு உண்டு. ஆகவே கை எத்திசையிலும் சுழல்கிறது. முழங்கையிலுள்ளது கதவின் கீலைப் போன்ற மூட்டு. அது மடங்கும், நிமிரும். முன்கையிலே ஆரை, அரந்தி என இரு எலும்புகள் உள்ளன. உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கும்போது இவை அருகருகே நிற்கும். கீழ்நோக்கித் திருப்பினால் ஆரை எலும்பு மற்றதன்மேற் குறுக்காகப் புரளும். இக்காட்சியை லியோனார்டோ இரு நிலைகளிலும் வரைந்து காட்டினார். மேற்கையின் முன்புறம் திரண்டெழும் இருதலைத் தசை முழங்கையை மடக்குவதோடு நில்லாமல், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது என்பதையும் அவர் கண்டுணர்ந்தார். முழங்கையை மடக்கி, ஒரு கையால் அத்தசையைத் தொட்டுக்கொண்டு மற்றக் கையைத் திருகாணி முறுக்குவதுபோலத் திருப்பிப் பாருங்கள். தசை இறுகுவதை நீங்களே உணர்வீர்கள்.

மணிக்கட்டில் எட்டு எலும்புகள், உள்ளங்கையில் ஐந்து, விரல்களிற் பதினான்கு என ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. இவற்றை லியோனார்டோ பல பக்கங்களிலிருந்தும் பார்த்து வரைந்தார். வீடு கட்டுவோன் அடித்தளத்திலிருந்து தொடங்குவதுபோல, முதலில் எலும்புகள், அவற்றின்மேல் அவற்றைப் பிணைக்கும் நார்கள், பின்னர் தசைநாண்கள், நரம்புகள், குருதிக் குழாய்கள், இறுதியில் தோல் எனப் படிப்படியாகக் கையைக் கட்டியெழுப்பிக் காட்டினார். தோளின் தசைகளைக் கயிறுகளாக மாற்றி வரைந்து, ஒவ்வொன்றும் எலும்பை எத்திசையில் இழுக்கிறது என்றும் விளக்கினார்.

அவரது கூர்மைக்கு ஒரு சான்று போதும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. அங்கிருந்து ஒவ்வொரு விரலுக்கும் இரு நாண்கள் வருகின்றன. ஒரு நாண் இரண்டாகப் பிளந்து விரலின் நடு எலும்பிற் பொருந்த, மற்றது அப்பிளவினூடே புகுந்து நுனி எலும்பைச் சென்றடைகிறது. பெருவிரலுக்கு மட்டும் இப்பிளவு இல்லை. இந்நுட்பமான அமைப்பை லியோனார்டோ தெளிவாக வரைந்துள்ளார்.

பேழையிற் கிடந்த செல்வம்

இப்படங்களைக் கொண்டு ஒரு பெருநூல் இயற்ற அவர் எண்ணியிருந்தார். ஆனால் 1511ஆம் ஆண்டிலே தெல்லா தொரே கொள்ளைநோயால் மாண்டார். லியோனார்டோவோ ஒன்றைத் தொடங்கி முடிக்குமுன் மற்றொன்றில் மனத்தைச் செலுத்தும் இயல்பினர். நூல் நிறைவுறவில்லை. 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் என்னும் மருத்துவர் மனித உடலமைப்புப் பற்றிய தமது பெருநூலை அச்சிட்டு வெளியிட்டார். நவீன உடற்கூற்றியலின் தந்தை என்னும் புகழ் அவருக்கே உரியதாயிற்று. லியோனார்டோவின் தாள்கள் பலர் கைமாறிப் பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் அரச குடும்பத்திடம் சேர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைக் கண்ட வில்லியம் ஹண்டர் என்னும் உடற்கூற்று ஆசிரியர் வியந்து போற்றினார். எனினும் அவை முறையாக அச்சேறுவதற்கு மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. இன்று அவை வின்ட்சர் கோட்டையிலே பாதுகாக்கப்படுகின்றன.

இறுதிக்காலம்

1516ஆம் ஆண்டில், பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பை ஏற்று லியோனார்டோ அந்நாடு சென்றார். அடுத்த ஆண்டில் அவரைக் காண வந்த ஒருவர், அவரது வலக்கை செயலிழந்திருந்ததைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளார். பக்கவாதமே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2019ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் இருவர், முதுமையிலிருக்கும் அவரது வலக்கையைக் காட்டும் பழைய ஓவியமொன்றை ஆராய்ந்து, முழங்கையின் பின்புறமாகச் செல்லும் நரம்பு பழுதுற்றமையே காரணமாகலாம் என்று கருத்துத் தெரிவித்தனர். முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சிறுவிரல்வரை மின்சாரம் பாய்வதுபோலத் தோன்றுகிறதல்லவா? அந்நரம்பே அது. மனிதக் கையின் மூட்டுகளை உலகிற்கு வரைந்தவரின் கையே முடங்கியமை உள்ளத்தை உருக்கும் செய்தியாகும். ஆயினும் அவர் சோர்ந்து அமரவில்லை. இடக்கையால் வரைவதையும் மாணவருக்குக் கற்பிப்பதையும் தொடர்ந்தார். 1519ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், தமது 67ஆவது வயதில், அம்புவாஸ் நகரில் இயற்கை எய்தினார்.

நாம் பெறும் பாடம்

ஏட்டில் உள்ளதை அப்படியே ஏற்காது தம் கண்ணாற் கண்டு தெளிந்தார் லியோனார்டோ. இளமையிற் கிடைக்காத மொழியை வளர்ந்த பின்னர் முயன்று கற்றார். இவ்விரண்டும் நாம் பின்பற்றத்தக்கவை. ஆனால் அவர் கண்ட உண்மைகள் பேழைக்குள்ளே உறங்கியமையால், அவற்றால் மருத்துவ உலகம் பெற்றிருக்கக்கூடிய நன்மை பல தலைமுறைகளுக்குக் கிட்டாமற் போயிற்று. எனவே, மாணவச் செல்வங்களே, கற்பதை ஆழ்ந்து கற்றுத் தொடங்கியதை முடியுங்கள். கற்றதைப் பிறருக்கும் எடுத்துரையுங்கள். பெற்றோர்களும் தம் பிள்ளைகள் காண்பதை வரையவும் எழுதவும் ஊக்குவிப்பார்களாக. பகிர்ந்து கொடுக்கப்படும் அறிவே என்றும் வாழும்.