தங்கையை இழந்த வைத்தியர்

பேசாலையில் 32 வயதில் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, துணிவு தந்தது வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை.

1886 இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் வைத்தியரானவர். சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. அவருடைய தங்கைக்கு வந்த புற்றுநோயை வைத்தியர்கள் முதலில் வயிற்றுளைவு என்றே கருதினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. தங்கை இளவயதிலேயே இறந்தார்.

அந்தத் துயரத்தோடு அவர் முடங்கவில்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பதே வீண் என்று பலர் நினைத்த காலத்தில் நிதி திரட்டினார். 1954 இல், தமது 67 ஆவது வயதில், சென்னை அடையாற்றில் 12 கட்டில்களுடன் புற்றுநோய் வைத்தியசாலையைத் தொடங்கினார்.

போர் எங்களை வலியை மறைத்து வாழப் பழக்கிவிட்டது. கட்டியையும் அப்படி மறைக்க வேண்டாம், சகோதரிகளே. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. நேரத்தோடு காட்டுங்கள்.