சாலிம் அலி விட்டுச்சென்ற பாடம்

கோவையை அடுத்த ஆனைகட்டியில் சாலிம் அலியின் பெயர் தாங்கிய பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், வளர்ச்சியா, வனமா என்று நாம் நடத்தும் முடிவற்ற விவாதம் என் நினைவுக்கு வரும். அந்த விவாதத்தின் இரு பக்கங்களையும் அந்த மாமனிதரின் வாழ்க்கையிலேயே காணலாம் என்பது என் எண்ணம்.

1896-இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமனிடம் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் மஞ்சள் கழுத்து, அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. பர்மாவில் குடும்பத் தொழிலில் சில ஆண்டுகள், பின்னர் பெர்லினில் பயிற்சி, வேலையின்றிக் கழிந்த நாள்கள் ஆகியவற்றைக் கடந்து, 1941-இல் இந்தியப் பறவைகள் குறித்த தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்.

ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலை, மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. விடுதலைக்குப் பின் அதை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, நேருவின் துணையுடன் அதைக் காத்தவர் சாலிம் அலி. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டபோதும் அவர் எதிர்த்தார். மலபாரின் மின்தேவை பொய்யன்று. ஆனால், சிங்கவால் குரங்கின் வாழிடத்தை மூழ்கடித்துவிட்டால் அதை மீட்க வழியில்லை. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இத்துடன் முடித்துக்கொண்டால் அது வெறும் புகழுரையாகிவிடும். 1982-இல் பரத்பூர் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாலிம் அலியும் அத்தடையை ஆதரித்தார். தலைமுறைகளாக அங்கு எருமை மேய்த்தவர்களுக்கு மாற்று வழி எதுவும் காட்டப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, காவல்துறை சுட்டதில் கிராமத்தினர் சிலர் உயிரிழந்தனர்.

1987-இல் சாலிம் அலி மறைந்தார். அதன் பின்னர், அவர் வளர்த்தெடுத்த அதே கழகத்தின் நீண்டகால ஆய்வு எதிர்பாராத உண்மையொன்றை வெளிப்படுத்தியது. எருமைகள் மேயாததால் நீர்ப்பரப்பைப் புல் அடைத்துக்கொண்டது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பறவைகளைக் காக்க விதித்த தடை பறவைகளையே பாதித்தது. தன் நிறுவனரைப் போன்றவரான ஒருவரின் நிலைப்பாட்டுக்கு மாறான முடிவை அக்கழகம் மறைக்கவில்லை. அவர் கற்பித்த அறிவியலின் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமைதிப் பள்ளத்தாக்கு, சட்டம் ஏன் உறுதியாக இருக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. பரத்பூர், அச்சட்டம் யாரைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. அணையும் மேய்ச்சலும் ஒன்றல்ல. ஒன்று வாழிடத்தையே அழிப்பது, மற்றொன்று அதனோடு சேர்ந்து வாழ்வது. பெருந்திட்டங்களுக்கு விலக்குகளை வாரி வழங்கிவிட்டு, ஆடுமாடு மேய்ப்பவரிடம் மட்டும் கண்டிப்பு காட்டுவது பாதுகாப்பு ஆகாது. எந்த வாழிடத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன்னும் அங்கு ஆய்வு நடக்கட்டும். அங்கு வாழ்வோரின் குரலும் கேட்கப்படட்டும். முடிவு தவறென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளும் துணிவும் அரசுக்கு வேண்டும்.