பேரரசியின் இரண்டு முடிகள்

தமிழில் ‘முடி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அரசர்கள் தலையில் சூடுவதும் முடி. நம் எல்லோர் தலையிலும் வளர்வதும் முடி. இவ்விரண்டையும் ஒரே தலையில் சுமந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறேன். முதல் முடியை அவர் கேட்டுப் பெறவில்லை. அது தானாக வந்து அமர்ந்தது. இரண்டாவது முடியையோ தம் உயிரைப் போல் வளர்த்தார். அவிழ்த்துவிட்டால் அது கணுக்கால் வரை விழுமாம்! அவர்தான் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்.

எலிசபெத் 1837-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்திய நாளில், பவேரியா நாட்டின் தலைநகரான மியூனிக்கில் பிறந்தாள். தந்தை கோமகன் மாக்ஸ். தாய் லுடோவிகா, பவேரிய மன்னரின் மகள். வீட்டில் அவளைச் சிசி என்று அழைத்தார்கள். அரச குலம் என்றாலும் அரண்மனைக் கெடுபிடிகள் அந்த வீட்டில் குறைவு. கோடைக் காலம் முழுவதும் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் உள்ள பொசன்ஹோபன் மாளிகையில் கழியும். ஏரியில் நீந்துவாள், குதிரை ஏறுவாள், உடன்பிறந்தாரோடு தோட்டமெல்லாம் ஓடித் திரிவாள்.

1853-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தாய் லுடோவிகா, மூத்த மகள் ஹெலனை அழைத்துக்கொண்டு ஆஸ்திரியாவில் உள்ள பாட் இஷ்ல் என்னும் ஊருக்குப் புறப்பட்டார். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்கு ஹெலனை மணமுடிப்பது என்று இரு தாய்மாரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். சிசி துணைக்குப் போனவள். ஆனால் 23 வயதான பேரரசர் அக்காளைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தார். அவளையே மணப்பேன் என்று உறுதியாக நின்றுவிட்டார். மாப்பிள்ளை யார் தெரியுமா? சிசியின் பெரியம்மா சோபியாவின் மகன்! நம் ஊரில் அண்ணன் முறை ஆகிறவர். அங்கே அரச குடும்பங்களில் அப்படிப் பார்ப்பதில்லை. திருச்சபையின் தனி அனுமதி பெற்று அத்திருமணம் நடந்தது.

அப்போது சிசிக்கு வயது பதினைந்து. என் வயதுதான்; இந்தப் பக்கத்தைப் படிக்கும் பத்தாம் வகுப்புத் தோழியர் பலருடைய வயதுதான். நமக்கு அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்பதே பெரிய கேள்வியாக இருக்கிறது. அவளுக்கோ ஒரு பேரரசு முழுவதும் வந்து சேர்ந்தது. 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் வியன்னா நகரின் அகுஸ்தீன் சபைத் துறவியர் ஆலயத்தில் திருமணம் நடந்தது. இனிமேல் அவளை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும்.

வியன்னா அரண்மனையில் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எப்போது எழுவது, என்ன உடுத்துவது, யாரோடு எவ்வளவு நேரம் பேசுவது என்று ஒவ்வொன்றையும் பிறர் வகுத்தனர். அந்த விதிகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் பெரியம்மாவும் மாமியாருமாகிய சோபியா. 1855-இல் முதல் பெண் குழந்தை பிறந்தது. தாயைக் கேளாமலே அதற்குச் சோபியா என்று பாட்டியின் பெயரை வைத்தார்கள். பாட்டியின் அறைகளுக்கு அருகிலேயே தொட்டிலையும் கொண்டுபோய் வைத்தார்கள். 1856-இல் பிறந்த கிசேலாவுக்கும் 1858-இல் பிறந்த ரூடால்புக்கும் அதே நிலைதான். மாமியாரை மட்டும் குறை சொல்லி எழுதுவது எளிது. பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று அந்தக் காலத்தில் ஒரு பாட்டி எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் பெற்றவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

ஒரே ஒரு முறை எலிசபெத் பிடிவாதம் பிடித்து, 1857-இல் தம் இரு பெண் குழந்தைகளையும் ஹங்கேரிப் பயணத்துக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கே இருவரும் நோயுற்றனர். கிசேலா பிழைத்தாள். மூத்தவள் சோபியா இரண்டு வயதில் தாயின் கண்ணெதிரே இறந்தாள். அதன் பிறகு பிள்ளைகளுக்காக மாமியாரோடு போராடும் தெம்பு அவருக்கு இல்லாமல் போயிற்று. உணவு குறைந்தது, உடல் மெலிந்தது, ஓயாத இருமல். மருத்துவர்கள் 1860-இல் அவரை மதீரா தீவுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வியன்னாவை விட்டுத் தள்ளியே இருந்துவிட்டு 1862-இல் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தவர் பழைய சிசி அல்ல. தம் அழகு ஐரோப்பா முழுவதும் பேசப்படுவதை அறிந்திருந்தார். செம்பழுப்பு நிறமான அந்த நீண்ட கூந்தலே அவ்வழகுக்கெல்லாம் தலையாயது என்பதையும் அறிந்திருந்தார். வியன்னாவின் அரசு நாடக அரங்கில் ஒரு நடிகையின் சிகையலங்காரத்தைக் கண்டு வியந்து, அதைச் செய்த ஃபானி ஆங்கெரர் என்ற இளம் பெண்ணை 1863-இல் தமக்கென அமர்த்திக்கொண்டார். ஆண்டுக்கு 2,000 குல்டன் சம்பளம்! பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஊதியத்துக்கு ஒப்பானது அது. செய்தித்தாளிலேயே வந்துவிட்டதாம்.

ஃபானி அந்தக் கூந்தலைப் பல பின்னல்களாகப் பின்னி, தலையைச் சுற்றி அடுக்கடுக்காக ஏற்றி வைப்பார். பார்ப்பதற்கு அது ஒரு மகுடம் போலவே இருக்கும். ஒவ்வொரு நாளும் இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தலை குளிப்பதென்றால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். அன்று வேறு எந்த வேலையும் கிடையாது. சீயக்காய் தெரியாத அந்த நாட்டில் முட்டையையும் கோன்யாக் என்ற மதுவையும் கலந்து தேய்த்தார்களாம். விருந்தில் பரிமாற வேண்டியதைத் தலையில் ஊற்றினார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஃபானியைப் பற்றி நினைத்தேன். அறையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். பேரரசி நடுவில் அமர்ந்திருப்பார். ஃபானி பின்னால் நிற்பார். வேலை முடிந்ததும் சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளித் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். பேரரசி அவற்றைப் பார்ப்பார். முடி அதிகம் உதிர்ந்திருந்தால் அவர் முகம் வாடிவிடும்; அன்றைய பொழுதே பாழ். ஆகவே ஃபானி ஒரு தந்திரம் செய்தார். மேலங்கியின் உட்புறத்தில் பசை தடவி வைத்துக்கொண்டு, உதிர்ந்த முடிகளை யாரும் அறியாமல் அதில் ஒட்டி மறைத்துவிடுவார். இதைப் பொய் என்பதா, இரக்கம் என்பதா? மூன்று மணி நேரம் கைகளைத் தூக்கியபடியே நின்ற அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபானி நோயுற்ற நாட்களில் பேரரசி அரண்மனை நிகழ்ச்சிகளுக்கே வரமாட்டாராம். ஹூகோ ஃபெய்பாலிக் என்பவரை ஃபானி மணந்தபோது அரண்மனை விதிப்படி வேலையை விட்டிருக்க வேண்டும். எலிசபெத் பேரரசரிடம் பேசி, விதிக்கு விலக்குப் பெற்றுத் தம்மோடு வைத்துக்கொண்டார். கணவருக்கும் பின்னாளில் அரண்மனைப் பணி கிடைத்தது.

ஒரு தலைமுடிக்காக இவ்வளவா என்று உங்களில் சிலர் கேட்கலாம். வெறும் தற்பெருமை என்று எழுதிய ஆசிரியர்களும் உண்டு. தற்பெருமை இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் பெற்ற குழந்தைகள் அவரிடம் வளரவில்லை. அவர் வாழ்ந்த வீடு அவருடைய விருப்பப்படி நடக்கவில்லை. அவருடைய நேரம் அவருடையதாக இல்லை. அந்தக் கூந்தல் ஒன்றுதான் அவர் பிறந்த வீட்டிலிருந்து தம்மோடு கொண்டுவந்து, யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தது. ஏரிக்கரையில் ஓடிய சிறுமியின் தலையில் இருந்த அதே முடி! மாமியாரின் விதி அதன்மேல் செல்லவில்லை. அதைப் பேணும் நேரத்தில் எந்த அமைச்சரும் உள்ளே நுழைய முடியாது.

அந்த மணி நேரங்களை அவர் வீணாக்கவும் இல்லை. தலைவாரும் வேளையிலேயே ஹங்கேரி மொழியைக் கற்றார். அரண்மனையில் பலருக்கு ஹங்கேரியரைப் பிடிக்காது. எலிசபெத்துக்கோ அம்மக்கள் மீது பெரும் பாசம். மொழியை நன்றாகவே கற்றுத் தேர்ந்தார். 1867-இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் உடன்பாடு கண்டு இரட்டை முடியரசு ஆனதில் அவருடைய முயற்சிக்கும் பங்கு உண்டு. அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள் புடா நகரின் மத்தியாஸ் ஆலயத்தில் அவர் ஹங்கேரியின் அரசியாக முடிசூடினார். அடுத்த ஆண்டு அங்கேயே பிறந்த மரி வலேரியை மட்டும் எவரிடமும் விடாமல் தாமே வளர்த்தார். பிற்காலத்தில் அதே நாற்காலியில் அமர்ந்து கிரேக்க மொழியும் கற்றார். கான்ஸ்டன்டின் கிறிஸ்டோமானோஸ் என்ற கிரேக்க மாணவர் 1891 முதல் அருகில் இருந்து படித்துக் காட்டுவார். அந்தக் காலை வேளைகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளிலிருந்துதான் நாம் பலவற்றை அறிகிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அவரை அரண்மனையிலிருந்து காத்த கூந்தலே அவரைக் கட்டியும் போட்டது. அதன் பாரத்தால் கடுமையான தலைவலி வரும். அப்போது பின்னல்களை ரிப்பன்களில் கட்டி மேலே தூக்கி நிறுத்திவிட்டு, பாரம் குறையும்படி மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பாராம். கத்தரிக்கோலை எடுத்துக் கொஞ்சம் வெட்டினால் தீர்ந்துபோகும் வலி! அவர் வெட்டவில்லை. அழகு குறைந்துவிடும் என்ற அச்சம் வரவர அதிகமாயிற்று. 172 சென்டிமீட்டர் உயரமான அவர் ஏறக்குறைய 50 கிலோ எடையிலேயே தம்மை வைத்துக்கொள்ளப் பட்டினி கிடந்தார். அரண்மனை அறையிலேயே உடற்பயிற்சி வளையங்களைத் தொங்கவிட்டார். இன்று வியன்னா செல்பவர்கள் அவற்றைக் காணலாம். முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் புகைப்படத்துக்கு நிற்பதையே நிறுத்திவிட்டார். வெளியே போகும்போது கையில் விசிறியோ குடையோ இருக்கும், முகத்தை மறைப்பதற்கு. உலகமே பார்க்க விரும்பிய அழகு விசிறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

1889-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவருடைய ஒரே மகன் ரூடால்ப், வியன்னாவுக்கு அருகில் மையர்லிங் என்ற இடத்தில் மிகத் துயரமான முறையில் இறந்தார். வயது முப்பது. அத்தாய் அன்று முதல் கறுப்பு உடையே அணிந்தார். நகைகளையும் வண்ண ஆடைகளையும் எடுத்துப் பெண்களுக்கும் பிறருக்கும் கொடுத்துவிட்டார். விழாக்களை விட்டார், வியன்னாவையும் ஏறக்குறைய விட்டார். கோர்பூ தீவில் ஒரு மாளிகை கட்டினார். அதிலும் மனம் நிலைக்கவில்லை. கப்பலிலும் புகைவண்டியிலுமாக நாடு நாடாக அலைந்தார். எல்லாவற்றையும் துறந்தவர் கூந்தலை மட்டும் துறக்கவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் காலையில் தலைவாரும் நேரம் தவறியதில்லை. யாருக்குக் காட்டுவதற்கு? திரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்ட ஒருவர் யாருக்காகப் பின்னிக்கொள்ள வேண்டும்? மகனை இழந்த அறுபது வயதுத் தாய்க்கு அது அழகுக்காக இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் எலிசபெத் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் இருந்தார். வேறு பெயரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். நண்பகலுக்குப் பின் ஏரிக் கப்பலில் ஏறுவதற்காகத் தோழி இர்மா ஸ்டாரை சீமாட்டியோடு கரையோரமாக நடந்து வந்தார். காவலர் யாரும் இல்லை. லூயிஜி லூக்கேனி என்ற இத்தாலிய வாலிபன் எதிரே ஓடி வந்து அவர் மார்பில் ஓங்கி இடித்துவிட்டு ஓடினான். இடித்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் கையில் கூராகத் தீட்டிய அரம் இருந்தது. அரச குலத்தார் யாரையாவது கொல்ல வேண்டும் என்பதே அவன் வெறி. பேரரசியோடு அவனுக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை.

எலிசபெத் மல்லாந்து விழுந்தார். அடர்ந்த கூந்தல் தலையில் அடி படாமல் தாங்கிக்கொண்டது என்கிறார்கள். அவர் எழுந்தார், உதவியவர்களுக்கு நன்றி கூறினார், கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு கப்பலை நோக்கி நடந்தார். கப்பல் புறப்பட்ட பிறகுதான் மயங்கிச் சாய்ந்தார். இறுக்கிக் கட்டியிருந்த உள்ளாடையைத் தளர்த்தியபோதுதான் மார்பில் சிறு காயம் தெரிந்தது. அது இதயம் வரை சென்றிருந்தது! கப்பலைத் திருப்பினார்கள். விடுதிக்குத் தூக்கி வந்த சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வியன்னாவில் கப்புச்சின் துறவியரின் ஆலயத்துக்கு அடியில் உள்ள அரச குடும்பக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஓவியர் விண்டர்ஹால்டர் தீட்டிய எலிசபெத்தின் படங்களுள் உலகம் அறிந்தது, கூந்தலில் வைர நட்சத்திரங்கள் சூடி, வெள்ளை உடையில் திரும்பிப் பார்க்கும் 1865-ஆம் ஆண்டு ஓவியம். அதே ஓவியர் வேறு படங்களும் வரைந்தார். ஒன்றில் மகுடம் இல்லை, வைரம் இல்லை, விரிந்த கூந்தல் மார்பின் முன்னே சுற்றிக் கிடக்கும். அதை மக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் தம் வேலை அறையில், எழுதும் மேசையிலிருந்து நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் அதை மாட்டி வைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு 18 ஆண்டுகள், 1916-இல் தாம் இறக்கும் வரை, அந்தப் படம் அங்கேயே இருந்தது.