நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த தாய்



விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் காலை முதல் மாலை வரை அச்சுகளோடும் சூளையோடும் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். பள்ளிக்கூடம் போகாத நம்மால் பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்ய முடியும் என்ற கவலை உங்களில் பலருக்கு உண்டு. உங்களுக்காகவே பீ அம்மாவின் வரலாற்றைச் சொல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் ஆபாதி பானு பேகம். ராம்பூரைச் சேர்ந்த அப்துல் அலி கானின் மனைவி. 1880-ல் கணவர் காலராவில் வஃபாத்தானார். இளம் விதவையான அவர் கையில் 6 பிள்ளைகள். கடைசி மகன் முஹம்மது அலி கைக்குழந்தை.

பீ அம்மா பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரல்ல. ஆனாலும் மகன்கள் மார்க்கக் கல்வியோடு ஆங்கிலக் கல்வியும் பெற வேண்டும் என்று முடிவு செய்தார். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று பலரும் அஞ்சிய காலம் அது. சொத்தைக் கவனித்து வந்த கணவரின் சகோதரர் பணம் தர மறுத்தார். பீ அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. தன் நகைகளை இரகசியமாக அடகு வைத்து, பரேலியில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினார். பிறகு அலிகர் கல்லூரி. அண்ணன் ஷவ்கத் அலி வேலைக்குச் சென்று, தம்பி ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவினார்.

அங்கே முஹம்மது அலி ஐ.சி.எஸ். தேர்வில் தோற்றார். அதோடு அவர் படிப்பு முடிந்துவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாற்றுப் பட்டம் பெற்றார். பின்னாளில் கிலாஃபத் இயக்கத்தின் தலைவராகவும், 1920-ல் தொடங்கிய ஜாமியா மில்லியாவின் முதல் துணைவேந்தராகவும், 1923-ல் காங்கிரஸ் தலைவராகவும் உயர்ந்தார். மகனின் இந்த உயர்வைக் கண்குளிரக் கண்ட பீ அம்மா, 1924 நவம்பரில் வஃபாத்தானார்.

பெற்றோர்களே! பாடம் சொல்லித்தர முடியாவிட்டால் பரவாயில்லை. இன்று என்ன படித்தாய் என்று தினமும் கேளுங்கள். பிள்ளை படிக்கும் நேரத்தில் டி.வி.யையும் செல்போனையும் அணைத்து வையுங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அரை நாள் கூலி போனாலும் போய் வாருங்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை மறுநாளே கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள், துணைத்தேர்வு இருக்கிறது. தேறிவிட்டால், செராமிக் டிப்ளமோ படிக்க நம் ஊரிலேயே அரசு பயிலகம் இருக்கிறது. மகளின் கல்யாணத்துக்காக நகை சேர்க்கும் நாம், அவள் படிப்புக்காகவும் சேர்ப்போம்.

நம் பிள்ளைகளை ஈருலகிலும் வெற்றி பெற்றவர்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.