அணையா அடுப்பும் கொல்லா நோன்பும்: வடலூர் வள்ளலார் வாழ்க்கை

தைத் திங்கள் பிறந்துவிட்டால் திண்டுக்கல் நகரின் சாலைகள் பச்சையும் காவியும் உடுத்த அடியவர்களால் நிறைந்துவிடும். பழனியை நோக்கிச் செருப்பின்றி நடந்து செல்லும் அவர்களுள் மிகப் பலர் ஆண்டின் பிற நாள்களில் புலால் உண்பவர்கள். மாலை அணிந்த நாள் முதல் தைப்பூசம் கழியும் வரை அதனைத் தீண்டுவதில்லை. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், புலால் உண்போரும் உண்ணாதோரும் ஒரே தெருவில், ஒரே சுவரின் இருபுறத்தில் வாழ்கின்றனர். வீடு வாடகைக்கு விடும்போதும், திருமண விருந்தின்போதும், பள்ளிப் பிள்ளைகள் உணவுப் பெட்டியைத் திறக்கும்போதும் அவர்களிடையே சிறு சிறு மனக்கசப்புகள் எழுவதை நாம் அனைவரும் அறிவோம்.

அத்தகைய கசப்பு ஒன்றுக்கு நானே காரணமாய் இருந்தேன் என்பதை இம்மலரில் மறைக்காமல் எழுதுகிறேன். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், சத்துணவுக் கூடத்தில் முட்டை பெறும் பிள்ளைகள் ஒருபுறமும், முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம் பெறும் பிள்ளைகள் மறுபுறமும் அமர்ந்திருந்தனர். வகுப்பில் புலால் மறுத்தல் அதிகாரத்தை நடத்திய நாளில், வாழைப்பழம் பெற்றோரைத் தூய உணவினர் என்று வாயாரப் புகழ்ந்தேன். மாலையில் ஒரு சிறுவன் தனியே வந்து, அப்படியானால் தன் தாய் சமைப்பது அழுக்கா என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. பல ஆண்டுகள் கழித்து, வடலூர் வள்ளலாரின் வாழ்க்கையை முறையாகக் கற்றபோதுதான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை எனக்குத் தெரிந்தது. அவ்வாழ்க்கையை நம் குடும்பத்தார் அறிந்துகொள்வது நன்று.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு அண்மையில் உள்ள மருதூரில், 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கராகவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவராகவும் விளங்கியவர், தாயார் சின்னம்மையார். இராமலிங்கர் கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் மறைந்தார். தாயார் மக்களுடன் பொன்னேரிப் பக்கத்துச் சின்னக்காவணத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார்.

பள்ளிப் படிப்பில் இளையவருக்கு நாட்டம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடுவதிலேயே பொழுது கழிந்தது. தமையனார் உடல்நலம் குன்றியிருந்த ஒருநாள், அவருக்கு மாற்றாகச் சொற்பொழிவு மேடையில் அமர்ந்த சிறுவர், ஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்து அவையினரை வியக்கவைத்தார் என்பது வரலாறு. பிற்காலத்தில் உறவினர் வற்புறுத்தலால் திருமணம் நிகழ்ந்தது; எனினும் அவர் உள்ளம் துறவிலேயே தோய்ந்திருந்தது. 1854இல் அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகம், ஒரு கன்றின் உயிருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையை உரைநடையில் சொல்வது. விலங்கின் உயிரையும் மனித உயிரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்த வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இளமையிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்நூலே சான்று.

கருங்குழி வாழ்க்கை

1858இல் சென்னை வாழ்வை நீத்துத் தென்னார்க்காட்டுப் பக்கம் வந்தவர், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கிருந்து தில்லைக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் சென்று வந்த ஆண்டுகளில், நாட்டுப்புற மக்களின் வாழ்வை மிக அண்மையில் நின்று கண்டார். நீரின்றி வாடிய பயிரைக் கண்டு உள்ளம் வாடியவர், சிறுதெய்வக் கோயில்களுக்கு ஆடும் கோழியும் பன்றியும் கடாவும் பலிக்காக ஓட்டிச் செல்லப்படுவதைக் கண்டு நடுநடுங்கினார். பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நெடும்பாடலில் அந்த நடுக்கத்தை இறைவனிடம் முறையிட்டிருக்கிறார். அம்முறையீட்டில் மேலோங்கி நிற்பது பலியிடுவோர் மீதான சினம் அன்று; பிற உயிரின் அச்சத்தைத் தம் உடம்பில் உணர்ந்தவரின் அச்சமே ஆகும். நம் அறநூல்கள் அபயதானம் என்று போற்றுவது, இவ்வாறு உயிர்களின் அச்சத்தைப் போக்குதலையே அல்லவா?

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை அவர் நிறுவினார். சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்த அச்சங்கத்தின் அடிப்படை, உயிர்களிடத்து இரக்கம் காட்டும் சீவகாருணிய ஒழுக்கம். அப்பெயரிலேயே அவர் எழுதிய உரைநடை நூலில், செடிகொடிகளுக்கும் உயிருண்டே, அவற்றை உண்பது கொலையாகாதா என்று புலால் உண்போர் கேட்கும் வினாவை அவரே எழுப்பி விடை கூறுகிறார். தாவரங்கள் ஓரறிவுடையவை, அவற்றின் வித்து, காய், கனி, இலை முதலியவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது, அதில் விலங்கைக் கொல்லும்போது நேரும் துன்பம் இல்லை என்பது அவ்விடையின் சாரம். ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை வகுத்துக் காணும் நம் ஆகமக் கல்வியுடையோர்க்கு இவ்வாதம் புதிதன்று. கிழங்குகளையும் விலக்கும் நம் நோன்பு இன்னும் ஒருபடி நுண்ணியது என்றாலும், இரண்டும் ஒரே திசையில் செல்லும் வழிகளே.

அணையா அடுப்பு

1866ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வருத்தியது. பசியால் மெலிந்தோர் வழிகளில் அலைந்தனர். அப்போது வள்ளலார் பார்வதிபுரம் என்னும் வடலூர் மக்களிடம் நிலம் வேண்டினார். ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். 1867 மே 23ஆம் நாள், வைகாசித் திங்கள் 11இல், அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. வந்தவர் எவ்வூரார், எச்சாதியார், எச்சமயத்தார் என்று அங்கே கேட்பதில்லை. அவர் நேற்று என்ன உண்டார் என்றும் கேட்பதில்லை.

பரிமாறப்படுவது மரக்கறி உணவு மட்டுமே. ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியைத் தீர்ப்பது இரக்கமாகாது என்பதில் அவர் தெளிவாயிருந்தார். ஆனால் பசித்து வந்தவர் புலால் உண்பவர் என்பதற்காக அவர் இலை மடக்கப்படவில்லை. அன்னதானமும் அபயதானமும் ஒன்றுக்கொன்று முரணாத வகையில் ஒரே அடுப்பில் நிறைவேறின. விலங்குக்கு அச்சமின்மையும் மனிதனுக்குச் சோறும் ஒருங்கே கிடைத்தன.

வாயிலில் ஒரு வரையறை

இதனால் வள்ளலார் புலால் உணவைப் பொருட்படுத்தாதவர் என்று எவரும் கருதிவிடலாகாது. 1872 சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் சத்திய ஞான சபை வழிபாடு தொடங்கியது. ஏழு திரைகளை நீக்கிச் சோதியைக் காட்டும் அச்சபைக்குள், கொலையும் புலையும் நீத்தவரே புகவேண்டும் என்று விதித்தார். ஏனையோர் வெளியே நின்று வழிபடலாம். சாதி பாராத, சமயம் பாராத அப்பெருமகனார் பார்த்த வேறுபாடு இஃது ஒன்றுதான். உயிர்க்கொலை நீத்தோரைத் தம் அகவினத்தார் என்றும், நீக்காதோரைப் புறவினத்தார் என்றும் பிரித்தார். புறவினத்தாரிடம் அருள்நெறியின் நுட்பங்களைப் பேசவும், நெருங்கிய நட்புப் பாராட்டவும் வேண்டா என்னும் அளவுக்கு அவர் சொல் கடுமையாயிற்று.

ஆயினும் அக்கடுமொழிக்கு இடையிலேயே ஒரு விலக்கும் உண்டு. அவர்களுடைய பசியை மட்டும் தவறாமல் போக்குக என்றார். நெறியில் இத்துணை இறுக்கம் உடையவரே சோற்றில் இறுக்கம் காட்டவில்லை. சபையின் வாயிலில் வரையறை வைத்தவர், சாலையின் வாயிலில் எந்த வரையறையும் வைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய இடம் இதுவே.

இறுதி ஆண்டுகளை மேட்டுக்குப்பத்தில் கழித்தார். 1873 அக்டோபரில் அங்கே சன்மார்க்கக் கொடி கட்டிப் பேருபதேசம் செய்தார். 1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை. அவர் சோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அவருக்குப் பின்னும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நமக்குரிய பாடம்

கொல்லாமையும் சோறிடுதலும் இணைந்த இந்நெறி நம் மண்ணுக்கும் பழமையானதே. பழனிக்கு அண்மையில் உள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்த செய்தியை அது கூறுகிறது. அப்பொன் வழிபாட்டு அவிக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் உரியது. வழிபாட்டையும் சோற்றையும் ஒரே கல்லில் எழுதிவைத்த முன்னோரின் வழிவந்தோர் நாம்.

வள்ளலார் தம் சங்கத்தார்க்கு விதித்த விலகலை, நூறு வீட்டாரோடு கூடி வாழும் இல்லறத்தார் அப்படியே மேற்கொள்ளுதல் அரிது; அது தேவையும் அன்று என்பது என் கருத்து. ஆயின் அவர் காட்டிய வரிசைமுறை நமக்கு வேண்டும். நம் அடுக்களையில் நோன்பு தளரக்கூடாது. நம் பிள்ளைகள் வெளியூர்களில் படிக்கும்போதும் பணிபுரியும்போதும், நண்பர் நகைப்பாரோ என்று அஞ்சி அதனைக் கைவிடக்கூடாது. அதே வேளையில், அந்நோன்பு பக்கத்து வீட்டாரைத் தாழ்த்திப் பேசும் உரிமையை நமக்குத் தருவதில்லை. மூக்கைச் சுளித்து ஒரு மனத்தைப் புண்படுத்துவதும் இம்சையே. உணவைக் காட்டிப் பிறப்பின் உயர்வு பேசுவது, சாதியைத் துறந்த நம் அறவோர் நெறிக்கே மாறானது.

அச்சிறுவன் இன்று நடுவயதை எட்டியிருப்பான். எங்கேனும் அவனைக் காண நேர்ந்தால், உன் தாய் உன் பசியறிந்து இட்ட சோற்றில் அழுக்கு இல்லை, அப்பா. ஓர் ஆட்டின் அச்சத்தையும் உன் பசியைப் போலவே எண்ணிப் பார் என்று மட்டுமே நாங்கள் கேட்கிறோம் என்பேன். அன்று நான் வகுப்பில் பேசியதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்பேன். ஆண்டுதோறும் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டும் நாம், நம்மோடு உடன்வாழும் மாந்தரிடமும் அவ்வாறே வேண்டுவோமாக.

அருகதேவன் திருவடி வாழ்க! கொல்லா நோன்பு ஓங்குக! பசித்தோர் யாவர்க்கும் நம் இல்லத்து அடுப்பு எரிக!