விளக்கேந்திய மாணவி



மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, நம்ம ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எப்படியும் நாலு பேர் அதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியதால் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். மெக்கானிக்கல் படிச்சவனுக்கும் நர்ஸ் அம்மையாருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

மருத்துவமனைக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் புது மாடல் வென்டிலேட்டர் பொருத்தினோம். நர்ஸுகளுக்கு அதை விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. பழைய மாடலை ஐந்து வருடம் பார்த்தவன் என்ற தெனாவட்டில் புது மேனுவலைப் புரட்டக்கூட இல்லை. ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கியிருந்த சிஸ்டர் ஒருவர் நோட்டும் பேனாவுமாக முன்னால் நின்றார். ஓர் அலாரத்தைக் காட்டி, பழைய மெஷினில் செய்ததையே இதிலும் செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்றேன். அவரோ முந்தின நாள் இரவே மேனுவலைப் படித்துவிட்டு வந்திருந்தார். தம்பி, இதுல வேற மாதிரி போட்டிருக்கே என்று மெதுவாகப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. அன்று அவர் என்னை நம்பியிருந்தால், பின்னால் ஒரு நோயாளிக்கு என்ன ஆகியிருக்கும்? இன்று நினைத்தாலும் கை சில்லிடுகிறது.

ரிட்டயர் ஆகிற நேரத்தில் எதற்கு இவ்வளவு படிப்பு என்று பிறகு கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கையில் விளக்கோடு நைட்டிங்கேல். அந்தம்மா கடைசி வரைக்கும் படிச்சவங்க தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த வாழ்க்கையைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிறந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்பா வீட்டிலேயே கிரேக்கம், லத்தீன், வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பெண்ணுக்கோ கணக்கின் மேல் தீராத ஆசை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸ் ஆகப் போகிறேன் என்றபோது வீடே எதிர்த்து நின்றது. அது நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற வேலையாகவே அன்று கருதப்படவில்லை. அவர் சண்டை போடவில்லை. விடியும் முன்னே எழுந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். நமக்கெல்லாம் செமஸ்டருக்கு முந்தின நாள் மட்டும் வருகிற அந்த வேகம் அவருக்கு வருடக்கணக்கில் இருந்தது!

1851-இல், 31 வயதில்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பேற்றார். போனவுடன் அவர் கேட்டவை என்ன தெரியுமா? எல்லா மாடிக்கும் வெந்நீர்க் குழாய். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு லிஃப்ட். நர்ஸ் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே களைத்துப்போனால் நோயாளியை யார் பார்ப்பது? இதைப் படித்ததும், அம்மையார் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளாச்சே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வருடம் கிரிமியப் போர். 1854 நவம்பரில் 38 நர்ஸுகளோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். இரவில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்த கதை நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத கதை ஒன்று உண்டு. அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லேண்டும், ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் இன்ஜினீயரும் அதில் இருந்தார்கள். அடைபட்ட சாக்கடைகளைச் சுத்தம் செய்தார்கள், குடிநீரைச் சரிசெய்தார்கள், காற்றுக்கு வழி விட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் இறப்பு நூற்றுக்குச் சுமார் இரண்டாக இறங்கிவிட்டது.

இத்தனைக்கும், போதிய சாப்பாடும் துணியும் இல்லாமல், பாதி உயிரோடு வந்து சேர்ந்ததால்தான் சிப்பாய்கள் இறந்தார்கள் என்றே அம்மையார் அப்போது நம்பியிருந்தார். 1856-இல் ஊர் திரும்பிய பிறகு, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார் அவர்களோடு உட்கார்ந்து கணக்குகளை அலசினார். உண்மை வேறாக இருந்தது. காயத்தால் இறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர். அதற்குக் காரணம் அந்தக் கட்டடமும் அதன் சாக்கடையும்.

நண்பர்களே, ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால், தான் விளக்கேந்தி நடந்த அதே இடத்தில் இத்தனை உயிர்கள் வீணாகப் போயின என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. 1858-இல் அதை வண்ண வரைபடமாகவே அச்சிட்டு, நாட்டை ஆள்பவர்கள் முன் வைத்தார். தடுத்திருக்கக்கூடிய சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. கணக்குத் தெரியாத மந்திரிக்கும் பார்த்தவுடன் புரியும். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸிங் பள்ளி திறந்தது. ஒரு வருடப் பயிற்சி. பயிற்சி முடிந்தால் படிப்பு முடிந்தது என்று அவர் விடவில்லை. 1872 முதல் அங்குள்ள நர்ஸுகளுக்கு அநேகமாக வருடா வருடம் கடிதம் எழுதினார். அவற்றின் சாரம் ஒன்றுதான்: இந்த வேலையில் நின்ற இடத்தில் நிற்க முடியாது, முன்னே போகாதவர் பின்னேதான் போகிறார்.

அவரும் அப்படித்தான் இருந்தார். உடல்நலம் கெட்டு, பல வருடங்கள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தவர், இந்தியாவுக்கு வராமலேயே இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, மூட்டை மூட்டையாக வந்த பதில்களைப் படித்தார். 1863-இல் வெளிவந்த அறிக்கை, இங்குள்ள ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறப்பதைக் காட்டியது. சிப்பாயில் தொடங்கியவர் நம் கிராமங்களின் சுகாதாரம், பஞ்சம், பாசனம் என்று படித்துக்கொண்டே போனார். கொள்ளிடத்தில் கீழணை கட்டிய ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்காக வாதாடினார்.

அவரிடமும் குறை இருந்தது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்ற பழைய கருத்தை நெடுநாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கிருமிகள் பற்றிய ஆராய்ச்சி வலுப்பெற்ற பிறகு, 60 வயதைத் தாண்டிய 1880-களில், அதையும் ஏற்றுக் கிருமிநாசினி முறைகளை நர்ஸுகள் கற்க வேண்டும் என்றார். புதிதாகப் படிப்பது சுலபம். படித்ததை மாற்றிக்கொள்வதுதான் கஷ்டம். எனக்கு அது 30 வயதிலேயே வரவில்லை.

1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண்மணி ஆனார். அதற்குள் பார்வை போய்விட்டிருந்தது. 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் காலமானார்.

தம்பி தங்கைகளே, பட்டம் வாங்கியதும் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டு வந்தவன் நான். மருத்துவத்தில் மருந்து மாறுகிறது, மெஷின் மாறுகிறது, சிகிச்சை மாறுகிறது. படிப்பை நிறுத்தியவர் நேற்றைய வைத்தியத்தைத்தான் இன்றைய நோயாளிக்குச் செய்வார். நம் தொழிலும் அப்படித்தான். பாலமோ பாய்லரோ வென்டிலேட்டரோ, அதன் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது.

அந்த சிஸ்டர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் புது மெஷின் எதையும் மேனுவலை முழுதாகப் படிக்காமல் தொடுவதில்லை. பையில் ஒரு நோட்டும் இருக்கிறது. சந்திப்புக்கு வரும்போது கேளுங்கள், காட்டுகிறேன். மெஸ் சாம்பாரைப் பற்றியும் அப்போது பேசிக்கொள்ளலாம்!