கணினி திணறும் கணக்கும் கும்பகோணத்து ராமானுஜனும்: தேர்வில் தோற்றவர் கண்ட சூத்திரம் என்ன?

1 முதல் 10 வரை உள்ள எண்களை வரிசையாகப் பெருக்கினால் 3,628,800 வரும். இதுதான் 10-இன் ஃபேக்டோரியல். சி மொழியில் 'டபுள்' வகை எண்ணில் 170-இன் ஃபேக்டோரியல் வரைதான் அடங்கும். 171 கேட்டால் கணினி 'முடிவிலி' என்று கைவிரித்துவிடும்.

அதற்கு என்ன வழி? எண்ணைக் கேட்காமல் அதன் மடக்கையைக் கேட்பதுதான். 170-இன் ஃபேக்டோரியல் 307 இலக்கம். அதன் இயல் மடக்கையோ சுமார் 706.6தான். பின்னங்களுக்கும் ஃபேக்டோரியல் தருவது காமா சார்பு. அதன் மடக்கையைத் தரும் 'எல்காமா', சி மொழியின் 1999 தரநிலையில் இடம்பெற்றது. ஒன்று கூட்டித்தான் கொடுக்கணும்: 170-க்கு 171.

ராமானுஜன் எங்கே வருகிறார்?

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதத்தில் மட்டுமே மூழ்கியதால் மற்ற பாடங்களில் தோற்றார். கல்லூரி உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதைதான். காகிதம் வாங்க வசதியில்லை. சிலேட்டில் போட்டுப் பார்த்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913-இல் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

அவருடைய சூத்திரம் எவ்வளவு துல்லியம்?

காமா சார்புக்கு அவர் ஒரு தோராயச் சூத்திரம் தந்தார். 10-இன் ஃபேக்டோரியலுக்கு, 18-ஆம் நூற்றாண்டின் ஸ்டர்லிங் சூத்திரம் அதன் எளிய வடிவில் சுமார் 30,000 குறைவாகக் காட்டும். ராமானுஜனின் சூத்திரத்தில் பிழை 0.31 மட்டுமே! இதை இந்தியக் கணிதச் சங்க இதழில் வாசகர்களுக்கே கேள்வியாகவும் விட்டார். இன்றைய சி நூலகங்கள் பெரும்பாலும் வேறு முறைகளைப் பயன்படுத்தினாலும், கையால் சரிபார்க்க இது கச்சிதமானது.

நோயோடு 1919-இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சென்னையில் காலமானார். கடைசி நாள்களில் எழுதிய தாள்கள் 1976-இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்து படித்து, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் நிரல் எழுதப் போகும் நம்ம பிள்ளைகள் 'எல்காமா'வைச் சந்திக்கக்கூடும். ஒரு பாடத்தில் மட்டும் சிறந்து, மற்றதில் தோற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் நோட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.